பீட்டாவின் மேல் போட்ட பழி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1991 மழைக்காலத்தில், ஒரகடம் சாலையோரம் ஒரு தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து, பித்தளையை உள்ளிருந்து உடைக்கும் ஒரு பூதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக நான் மனதார நம்பினேன். பூதத்துக்குப் பெயர் பீட்டா. நம்பியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதைப் படம் பிடித்து, சிவப்பு மையில் அம்புக்குறி போட்டு, முதலாளியின் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அம்பு பீட்டாவைக் காட்டுகிறது என்றுதான் நினைத்தேன். அது உலையடியில் நின்றுகொண்டிருந்த ஒரு மனிதரைக் காட்டியது.

இந்த வருடம் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, வேலையை விட்டு வந்தவனை அனுபவம் எழுதச் சொன்னால் என்ன எழுதுவான் என்று உங்களுக்குத் தெரியும். தான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று எழுதுவான். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் கெட்டிக்காரனாக இருந்த நாட்களில் கம்பெனியில் ஒன்றுமே நடக்கவில்லை. எழுத விஷயம் கிடைப்பதெல்லாம் மடையனாக இருந்த நாட்களில்தான்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற வழியில் இன்று நீங்கள் பார்க்கிற கண்ணாடிக் கட்டடங்கள் எதுவும் அப்போது இல்லை. எங்கள் கம்பெனி இருந்தது, எதிரே வேர்க்கடலைக் கொல்லை இருந்தது, நடுவில் பஸ் வராத ஒரு பஸ் ஸ்டாப் இருந்தது. பல்பின் அடியில், ஹோல்டருக்குள் நுழைகிற பித்தளைத் தொப்பி இருக்கிறதே, அதுதான் எங்கள் சரக்கு. கம்பெனியில் அதை ‘கேப்’ என்பார்கள். செம்பையும் துத்தநாகத்தையும் உருக்கி, பாளமாக வார்த்து, தகடாக உருட்டி, பிரஸ்ஸில் ‘டை’ என்கிற அச்சில் வைத்து அடித்துக் குழித்தால் கேப். அடித்த அடி தொப்பிக்குள் இறுக்கமாக நின்றுவிடும். அதைத் தளர்த்த, கடைசியில் ஓர் அடுப்பில் மிதமாகச் சூடுகாட்டி ஆறவிட வேண்டும். மனிதனுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற மாதிரி.

நான் குவாலிட்டி. பட்டம் வாங்கிய சூடு ஆறவில்லை. என் சொத்து ஒரு பழைய மைக்ராஸ்கோப். அது வந்த அன்று முதலாளி பூஜை போட்டு அதற்குச் சந்தனப் பொட்டு வைத்தார், நேராக லென்ஸ் மேலேயே. துடைத்து முடிக்கும் வரைக்கும் எல்லா உலோகமும் எனக்கு மங்களகரமாகத்தான் தெரிந்தது.

முதலாளி நல்லவர். சம்பளம் தவறாது. ஆனால் எதையும் நாள் பார்க்காமல் செய்யமாட்டார். ஒரு பெரிய பல்பு கம்பெனி எங்களுக்கு முதல் தடவையாகப் பெரிய ஆர்டர் கொடுத்தது. சரக்கு வைக்கப் புதுக் கொட்டகை கட்டினோம். புதுமனை புகுவது போலவே அதற்கும் சடங்கு. பசுவும் கன்றும் முதலில் உள்ளே போக வேண்டும். பசு உள்ளே போனது, நடுக்கூடத்தில் நின்றது, நிதானமாக மூத்திரம் பெய்தது. ஐயர், “அடடா! இதைவிட நல்ல சகுனம் கிடையாது” என்றார். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த இடத்திலேயே பசுவையும் கன்றையும் விலைக்கு வாங்கினார். ஜோசியர் தன் பங்குக்கு, ஒரு மண்டலம் லட்சுமி இந்த இடத்திலேயே வாசம் பண்ணட்டும் என்று சொல்லிவிட்டார். ஆக, கொட்டகையின் ஒரு மூலையில் கன்றோடு லட்சுமி, மற்ற மூன்று மூலையிலும் தட்டுத்தட்டாக எங்கள் பித்தளைத் தொப்பிகள். மழை சாரல் அடித்து சரக்கு கறுத்துவிடக் கூடாது என்று ஷட்டரை எப்போதும் இறக்கியே வைத்திருந்தோம்.

உங்களில் கெட்டிக்காரர்களுக்கு இந்நேரம் மூக்கில் ஏறியிருக்கும். எனக்கு ஏறவில்லை. மூக்கு இருந்தது. கொட்டகைக்குள் போகும்போதெல்லாம் அதைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டுதான் போவேன். ஆனால் நான் படித்தவன். லென்ஸ் வழியாகத் தெரிவதை மட்டும்தான் நம்புவேன்.

இதே சமயத்தில் சூடுகாட்டும் அடுப்பின் ‘காயில்’, அதாவது சூடேறும் கம்பிச்சுருள், எரிந்து போயிற்று. புதுக் காயில் வரத் தாமதமாகும். ஆர்டர் தேதியோ தலைக்கு மேல். “இந்த லாட்டு சூடு காட்டாம அப்படியே போகட்டும், அடுத்ததுக்குப் பாத்துக்கலாம்” என்றார் முதலாளி. ‘சரி சார்’ என்றேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த முக்கியமான தொழில்நுட்பச் சொல் அதுதான்.

சரக்கு போனது. சில நாளில் பல்பு கம்பெனியிலிருந்து போன் வந்தது.

“உங்க கேப் எல்லாம் புளக்குதுங்க. பல்ப கழட்டினா கண்ணாடி கையோட வருது, கேப் ஹோல்டர்லயே நிக்குது. நாங்க என்ன பண்றது, ஹோல்டரையும் சேத்து விக்கிறதா?”

சாக்கு மூட்டையில் திரும்பி வந்தது சரக்கு. ஒவ்வொன்றிலும் தலைமுடி போல் ஒரு கோடு. கொட்டகையில் மிச்சம் இருந்ததை எடுத்துப் பார்த்தோம். அனுப்பாமலே அவையும் பிளந்திருந்தன. யாரும் தொடாமல், தட்டில் படுத்த படுக்கையாக.

என் பீதியைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அப்போது பெண் நிச்சயமாகியிருந்தது. மாமனார் ஆகப் போகிறவர் பல்பு போட்ட வீட்டில்தான் குடியிருந்தார். பல்பைத் திருகும்போது கண்ணாடி கையோடு வந்து, “மாப்பிள்ளை கம்பெனி கேப்பா?” என்று அவர் கேட்பதாக எனக்குக் கனவு வந்தது. வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள்தான் கல்யாணத் தேதி ஞாபகம் வந்தது. மணமேடையில் மொட்டைத் தலையோடு உட்கார முடியுமா? திரும்பப் போய், மொட்டையை மாலையாக மாற்றிக்கொள்ளும்படி முருகனிடம் பேசிப் பார்த்தேன். பேரம் படிந்ததா என்று தெரியவில்லை. அவர் பக்கத்திலிருந்து பதில் இல்லை.

கம்பெனியில் இரண்டு கட்சி. பிரஸ் ஃபோர்மேன் சுடலைமுத்து திருநெல்வேலிக்காரர். உலைக்காரர் கன்னியப்பன் உள்ளூர்க்காரர், கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து உலையடியில் இருப்பவர். துத்தநாகத்தை எப்போது போடுவது, எவ்வளவு போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. இருவரும் உடைந்த தொப்பிகளைச் சுற்றி நின்றார்கள்.

“கோளாறு உருக்குல இருக்கு வே” என்றார் சுடலைமுத்து. “என் டை மேல கைய வச்சு சத்தியம் பண்ணுதேன்.”

“டை மேல இன்னாத்துக்கு? பிரஸ்ஸுக்குள்ள கைய வுட்டு சத்தியம் பண்ணு” என்றார் கன்னியப்பன். “கல்ல அடிக்கிற மாரி அடிச்சிகினு கீற. தகடு அழுவாம இன்னா பண்ணும்?”

“உம்ம தகடு அப்பளம் மாதிரி நொறுங்குதுன்னா அது என் குத்தமா?”

“அப்பளத்த நீ பொரிச்ச லட்சணம்யா.”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏம்ப்பா, படிச்சவன் நீ. உன் கண்ணாடிய வச்சு பாத்து சொல்லு.”

பார்த்தேன். உடைந்த தொப்பியை வெட்டி, தேய்த்து, மெருகேற்றி, அமிலம் காட்டி லென்ஸின் கீழ் வைத்தேன். தானியம் போல் நெருங்கிக் கிடந்த மஞ்சள் மணிகளுக்கு நடுவே, அங்கங்கே வேறு நிறத்தில் குட்டிக் குட்டித் தீவுகள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இதைப் புரிந்துகொள்ள அதிகம் படிக்க வேண்டாம். செம்புக்குள் துத்தநாகம் ஓரளவு வரைக்கும் பாலில் சர்க்கரை போலக் கரைந்துவிடும், தனியாகத் தெரியாது. அளவு கூடினாலோ, வார்த்த பாளத்தைப் போதுமான நேரம் சூட்டில் ஊறவிடாமல் உருட்டினாலோ, வேறு குணமுள்ள மணிகள் அங்கங்கே கட்டிக்கொள்ளும், கிண்டாமல் விட்ட கேசரியில் ரவை கட்டி தட்டுகிற மாதிரி. அந்தக் கட்டிக்குத்தான் பீட்டா என்று பெயர். எங்கள் கலவையில் அது இருக்கவே கூடாது. இருந்தது. சரக்கு உடைந்தது. இருக்கக் கூடாதது இருக்கிறது, உடையக் கூடாதது உடைகிறது. ஆக, அதுதான் இதைச் செய்தது. பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவன் இருக்கிறான், என் செருப்பைக் காணோம், ஆக அவன்தான் திருடன் என்பது போல எவ்வளவு தெளிவான தர்க்கம், பாருங்கள்!

படத்தை முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் அம்புக்குறியை விரலால் தடவிப் பார்த்தார்.

“இதான் உடைக்குதா?”

“ஆமா சார். பீட்டா.”

“இது எப்படி உள்ள வந்துது?”

“துத்தநாகம் ஜாஸ்தி ஆனா வரும் சார்.”

“துத்தநாகம் போடறது யாரு?”

இங்கே ஒரு நல்ல மனிதன் கொஞ்சம் யோசித்திருப்பான். நான் வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டது போல, கை தூக்காத குறையாகச் சொன்னேன்: “கன்னியப்பன் சார்!”

அன்று மத்தியானமே சேதி உலையடிக்குப் போய்விட்டது. கன்னியப்பன் என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“இன்னா சார், படம்லாம் புடிச்சிகினு கீறீங்களாமே. அதுல என் மூஞ்சி நல்லா விழுந்துதா?”

“அண்ணே, நான் உங்கள ஒண்ணும் சொல்லல. பீட்டாதான்...”

“யாரு அந்த ஆளு? எந்த ஷிப்ட்டு?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

“சிரிங்க சார். உருக்கு கெடுத்தவன்னு பேர் வாங்கினா எந்தப் பட்டறையிலயும் உள்ள வுட மாட்டான். அடுப்பங்கிட்ட நின்னு நின்னு எனக்கு வேற வேலையும் வராது. அத்தயும் உங்க படத்துல ஒரு ஓரமா எழுதி வச்சுடுங்க.”

போய்விட்டார். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைக் கண்டுபிடித்தவர்களுக்கு இப்படிச் சங்கடம் வருவது சகஜம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரம் நான் என்னைப் பற்றி நினைத்ததையெல்லாம் இங்கே எழுதினால் அச்சகத்தார் சிரிப்பார்கள்.

பல்பு கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி நேரில் வருவதாகத் தகவல் வந்தது. என்ன கோளாறு, யார் காரணம், இனி நடக்காமல் இருக்க என்ன செய்தீர்கள் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் ஆர்டர் நிற்கும். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஒரு படம் போதாது தம்பி. நல்ல கேப்பையும் படம் எடு. கெட்டது இந்தப் பக்கம், நல்லது அந்தப் பக்கம். சோப்பு விளம்பரத்துல அழுக்கு சட்டையும் வெள்ள சட்டையும் காட்றான் இல்ல, அந்த மாதிரி.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உலோகவியல் படித்த எனக்குத் தோன்றாத அடிப்படையான விஷயத்தை, சோப்பு விளம்பரம் பார்த்த முதலாளி சொல்கிறார். அவருக்கு அதன் அர்த்தம் தெரியாது. எனக்கும்தான். நான் அதுவரை உடைந்த தொப்பிகளை மட்டுமே வெட்டிப் பார்த்திருந்தேன். உடையாத ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, படுக்கையில் கிடக்கிற எல்லோருக்கும் மூக்கு இருக்கிறது, ஆகவே நோய்க்குக் காரணம் மூக்குதான் என்று அறிக்கை எழுதியவன் நான்.

நல்ல தொப்பி தேடினேன். என் மேசையிலேயே சில கிடந்தன. அதே லாட்டு, அதே நாள் உருக்கு, பிரஸ்ஸிலிருந்து சூட்டோடு மாதிரிக்கு எடுத்து வந்தவை. அவற்றில் குண்டூசி போட்டு வைத்திருந்தேன். ஒரு கோடு கிடையாது. சந்தோஷமாக ஒன்றை வெட்டி, மெருகேற்றி, லென்ஸின் கீழ் வைத்தேன்.

தீவுகள். அதே தீவுகள். குடும்பத்தோடு.

மாதிரி மாறிவிட்டது என்று நினைத்தேன். இன்னொன்றை வெட்டினேன். அதிலும். குண்டூசிகளை மேசை மேல் கொட்டிவிட்டு இன்னொன்றை வெட்டினேன். அதில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பீட்டா இருக்கிறது, தொப்பி உடையவில்லை.

பிறகு, முதல் தடவையாக, விரிசலை ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை தீவுகளைப் பார்க்கிற ஆசையில் விரிசல் எந்த வழியாகப் போகிறது என்றே நான் கவனிக்கவில்லை. அது தீவுகளின் பக்கமே போகவில்லை. மஞ்சள் மணிகளுக்கு இடையிலான எல்லைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு, வரப்பு மேல் நடக்கிறவன் மாதிரி போய்க்கொண்டிருந்தது. பீட்டா சிவனே என்று ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. நான்தான் அதன் கழுத்தில் அம்புக்குறியை மாட்டியிருந்தேன்.

சரி, ஒரே உருக்கு, ஒரே தகடு, ஒரே பிரஸ். ஒன்று உடைந்தது, ஒன்று உடையவில்லை. என்ன வித்தியாசம்? என் மேசையில் கிடந்தவை கொட்டகைக்குப் போகவே இல்லை.

எழுந்து கொட்டகைக்கு ஓடினேன். அவசரத்தில் கைக்குட்டையை மறந்துவிட்டேன். ஷட்டரைத் தூக்கினேன். உள்ளே அடைந்து கிடந்த நெடி முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் கொட்டியது. லட்சுமி அசைபோட்டபடி திரும்பிப் பார்த்தாள்.

அமோனியா.

இறுக்கம் நிற்கிற பித்தளைக்கு அமோனியா ஆகாது. ஈரமும் சேர்ந்தால் மணி எல்லைகளில் பிளந்துவிடும். இது ரகசியமில்லை. கல்லூரிப் பரீட்சையில் இந்தக் கேள்விக்கு நான் பக்கம் பக்கமாக எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அந்தக் கேள்வித்தாளில் ‘மாடு’ என்று எங்கேயும் போடவில்லை, அதனால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

இந்தத் தடவை புத்தி வந்திருந்தது. உறுதிப்படுத்தாமல் வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானித்தேன். வரைபட நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு அப்போதெல்லாம் அமோனியா ஊற்றுவார்கள். அதில் கொஞ்சம் வாங்கி ஒரு ஜாம் பாட்டிலில் விட்டு, மேசைத் தொப்பிகளை நூலில் கட்டி, அமோனியாவில் படாமல் மேலே தொங்கவிட்டு மூடினேன். கூடவே, அடுப்பு நன்றாக ஓடிய காலத்தில் சூடுகாட்டிய பழைய தொப்பி ஒன்றையும் தொங்கவிட்டேன். சாயங்காலத்துக்குள் சூடுகாட்டாதவை ஒவ்வொன்றாகப் பிளந்தன. ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம்கூடக் கேட்டது. பழைய தொப்பி ஒன்றும் ஆகாமல் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தது.

இரண்டு தப்பு சேர்ந்திருந்தது. சூடுகாட்டாமல் விட்டது ஒன்று. மாட்டோடு அடைத்து வைத்தது இன்னொன்று. இரண்டும் முதலாளி உத்தரவு.

“சார், உங்க லட்சுமி மூத்திரம்தான் ஆர்டரைக் கெடுத்தது” என்று எப்படிச் சொல்வது? கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். எந்த விதமாகச் சொன்னாலும் கடைசியில் வேலை போயிற்று. அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. அதன் அழகில் நானே சொக்கிப்போனேன். நேராக முதலாளியிடம் போனேன்.

“சார், ஒரு விஷயம். அந்தக் கொட்டகை லட்சுமிக்கு ஒத்துக்கல சார். காத்தே இல்ல. கண்ணுல தண்ணியா வடியுது.”

“அய்யோ! மாட்டுக்கா?”

“ஆமா சார்.” கண்ணில் நீர் வடிந்தது எனக்கு. பசுவுக்கு இல்லை. அது சின்ன விவரம்.

“ஜோசியர் ஒரு மண்டலம்னாரே...”

“பாவம் சார், கன்னுக்குட்டி வேற.”

அரை மணியில் லட்சுமி லாரியில் ஏறினாள். முதலாளியின் சொந்தத் தோப்புக்கு, மாலை மரியாதையோடு. கொட்டகையைக் கழுவிவிட்டு ஷட்டரைத் திறந்து வைத்தோம். யாருக்கும் நோகவில்லை, காரணம் கிளம்பிவிட்டது, சரக்கு இனி உடையாது. என் சாமர்த்தியத்தை நானே முதுகில் தட்டிக்கொள்ள முடியாததுதான் குறை.

கிளம்பும்போது முதலாளி திரும்பிச் சொன்னார்: “நாளைக்குக் காலைல அந்த அதிகாரி வர்றாரு தம்பி. அந்த பீட்டா படத்த எடுத்து வையி. உருக்குல தப்பு, ஆள மாத்திட்டோம்னு சொல்லிடலாம். கன்னியப்பன வர வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

நான் வாயைத் திறந்தேன். கார் போய்விட்டது.

இதை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். என் தந்திரம் பித்தளையைக் காப்பாற்றியது, பசுவைக் காப்பாற்றியது, முதலாளியின் மனதைக் காப்பாற்றியது, எல்லாவற்றுக்கும் மேலாக என்னைக் காப்பாற்றியது. கன்னியப்பன் மட்டும் அந்தக் கணக்கில் வரவில்லை. காரணத்தை ஒளித்துவைத்தால் பழி அது போய் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடும். அது தானாக எழுந்து போகாது. உட்கார வைத்தவன்தான் எழுப்ப வேண்டும்.

மறுநாள் அதிகாரி வந்தார். கொஞ்சம் வயதானவர், வெற்றிலை போடுபவர், சிரிக்காதவர். முதலாளி பீட்டா படத்தை அவர் முன் நகர்த்தினார். நான் ஜாம் பாட்டிலை அதன் மேல் வைத்தேன்.

“இது என்ன?” என்றார் முதலாளி.

“உண்மையான காரணம் சார்.”

சொன்னேன். பாட்டிலைத் தூக்கிக் காட்டியபோது உள்ளே பிளந்த தொப்பிகள் ஒன்றோடொன்று மோதி மணியடித்தன. நல்ல தொப்பியிலும் பீட்டா இருந்ததைச் சொன்னேன். விரிசல் போன வழியைச் சொன்னேன். அடுப்பைச் சொன்னேன். கொட்டகையைச் சொன்னேன். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டையும் சொன்னேன்.

“மாடா?” என்றார் அதிகாரி.

“பசு” என்று திருத்தினார் முதலாளி. பிறகு என் பக்கம் திரும்பினார். “அப்ப நேத்து நீ சொன்னது? லட்சுமிக்குக் கண்ணுல தண்ணி வடியுதுன்னது?”

“அது என் கண்ணு சார்.”

“வாயில்லா ஜீவன் மேல பழி போடறியா?”

“பழி மாட்டு மேல இல்ல சார். மாடு மாட்டு வேலையத்தான் செஞ்சுது.”

“அப்ப யார் மேல?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. பதில் எதிரே நெற்றியில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது. நான் பாட்டிலை அவர் பக்கம் கொஞ்சம் நகர்த்தினேன். முதலாளி ஜாம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக அவர் முகம் மாறியது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அதிகாரி எழுந்து ஜன்னலுக்கு வெளியே வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். “அடுப்ப சரி பண்ணுங்க. சூடு காட்டி அனுப்புங்க. சரக்கு வைக்கிற இடத்துல ஜீவராசி எதையும் கட்டாதீங்க. ஆர்டர் இருக்கட்டும்.” பிறகு என் பீட்டா படத்தை எடுத்துப் பார்த்தார். “படம் நல்லா எடுத்திருக்கீங்க தம்பி” என்றார். அதைவிட அவர் என்னை அறைந்திருக்கலாம்.

அதிகாரி போனதும் முதலாளி ஜாம் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார். “போயி கன்னியப்பன கூட்டிக்கினு வா” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருடைய ஊருக்குப் போனேன். கன்னியப்பன் வீட்டு வாசலில் ஒரு பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூவை மறுபடி தேட ஆரம்பித்தார்.

“வாங்க சார். வூட்லயும் ஒரு படம் புடிக்கலாம்னு வந்தீங்களா?”

“அண்ணே, உங்க உருக்குல தப்பு இல்ல. காரணம் தெரிஞ்சுபோச்சு. கொட்டாய்ல மாட்டு மூத்திரம்...”

முழுதும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். மாடு லாரியில் மாலையோடு போன இடம் வந்தபோது கையை நிறுத்தினார்.

“மாட்ட மாலை போட்டு அனுப்பினீங்க.”

“ஆமாண்ணே.”

“என்னிய வாட்ச்மேன வுட்டு சொல்லி அனுப்பினீங்க.”

கீழே கிடந்த ஸ்க்ரூவை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“முதலாளி உங்கள கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றேன்.

“அவுருக்கு வோணும்னா அவுரு வரட்டும். இல்ல, கேட்டாண்ட எல்லார் எதிர்லயும் ‘கன்னியப்பன் மேல தப்பு இல்ல’ன்னு நீங்களாவது சொல்லுங்க. இந்த ரெண்டுல ஒண்ணு நடந்தா வர்றேன். போங்க சார், மழ வர்து.”

திரும்பிப் போய் முதலாளியிடம் அப்படியே சொன்னேன். “பாக்கலாம்” என்றார். மறுநாள் காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டருகே நின்றேன். சுடலைமுத்து உட்பட எல்லோரும் இருந்தார்கள். சொன்னேன்: உருக்கில் கோளாறு இல்லை, கொட்டகையில் மாட்டு நெடியும் சூடுகாட்டாததும்தான் காரணம், முதலில் நான் சொன்னது தப்பு. மாடு என்கிற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பன் மேல் தப்பில்லை என்று அதற்குப் பிறகு நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. கன்னியப்பனுக்குப் போய்ச் சேர்ந்த சேதியும் மாட்டுக் கதை மட்டும்தான். அவர் வரவில்லை.

உங்களுக்கு ஒன்றுதான் சொல்வேன், அதுவும் என் செலவில் கற்றது என்பதால் சொல்கிறேன். ஒன்று உடைந்தால் உடையாததை முதலில் எடுத்துப் பாருங்கள். எதிர்பாராத ஒன்று லென்ஸில் தெரிந்தால் அதற்குப் பெயர் வையுங்கள், வேலை கொடுக்காதீர்கள். உங்கள் கருவிகள் இன்று தானே வண்ணம் தீட்டித் தருகின்றன. நான் அம்புக்குறியைக் கையால் போட்டேன், நீங்கள் அதை ஒரு பொத்தானில் போடுவீர்கள். வேகம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். அம்பின் மறுமுனையில் யார் நிற்கிறார் என்பதை எந்தக் கருவியும் காட்டாது.

அடுப்புக்குப் புதுக் காயில் வந்தது. சூடுகாட்டி அனுப்பிய தொப்பிகள் உடையவில்லை. அவற்றிலும் பீட்டா இருந்தது. பல்பு கம்பெனிக்கு எழுதியதில் ‘சேமிப்பிடச் சூழல்’ என்று காரணம் போட்டோம். முதலாளி கன்னியப்பன் வீட்டுக்குப் போகவில்லை. பொங்கல் கழிந்து கன்னியப்பன் அம்பத்தூரில் ஒரு வார்ப்பட்டறையில், உருக்கு கெடுத்தவனுக்கு உலையடி வேலை இல்லை என்றதால், லோடு இறக்கும் ஆளாகச் சேர்ந்தார். அவர் உருக்கிய பித்தளையில் தொப்பியை உடைக்கக் கூடிய குறை எதுவும் இருந்ததில்லை.